என்-லைனா, அம்மாவோட முட்டியா?

கேள்வி: வணக்கம் அண்ணா. திருப்பூர்ல சின்னதா ஒரு பனியன் யூனிட் வெச்சிருக்கேன், வயசு 34. பத்து வருச ஆல்டோவைக் குடுத்துட்டு புது கார் எடுக்கணும், ஆன்ரோடு பன்னெண்டரை லட்சம் வரைக்கும் முடியும். மனசு ஹூண்டாய் ஐ20 'என்-லைன்' மேலயே நிக்குது. என் மச்சினன் ஒரு கார் பைத்தியம், "மாமா அது ஒரிஜினல் 'என்' கிடையாது, ஸ்டிக்கர் வண்டி, செகண்ட்ஸ்ல ஃபியட்டோட அபார்த் புன்டோ ஒண்ணு எடுத்து மிச்ச காசுல ரீமேப் பண்ணி பவர் ஏத்துங்க, அதான் உண்மையான பேட்ஜ்"ங்கறான். அப்பா "உசரமா ஒரு வண்டி எடு, மைலேஜ் பாரு"ன்றாரு. அம்மாவுக்கு முட்டி வலி, வாரம் ஒருக்கா கோயமுத்தூர் பிசியோதெரபிக்கு கூட்டிட்டுப் போகணும். பெரியவன் ஸ்கூல், சின்னவளுக்கு எட்டு மாசம். வருசத்துக்கு ரெண்டு தடவை வால்பாறை, ஊட்டி. அந்த பேட்ஜ் நெசமா பொய்யா? தினசரிக்கு ஒத்து வருமா? எடுத்தா மேனுவலா ஆட்டோமேட்டிக்கா?

பதில்:

தம்பி, உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேனுங்க. மச்சினன் சொல்றது நாலு வரி, அப்பா சொல்றது ரெண்டு வரி, அந்த சைலன்சர் சத்தத்தைப் பத்தி மட்டும் நீங்க ஒரு பாராவே எழுதியிருந்தீங்க (இங்க போடறப்ப சுருக்கிட்டேன், மன்னிச்சுக்குங்க), ஆனா தினம் அந்த வண்டியை ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போகப்போறது யாரு, வீட்டுக்காரம்மாதானே, அவங்க என்ன சொல்றாங்கன்னு ஒரு எழுத்து இல்ல. அது இருக்கட்டும், கடைசியா வர்றேன்.

மொதல்ல மச்சினன் பஞ்சாயத்து. அவர் சொல்றதுல பாதிக்கு மேல சரிதான். ஹூண்டாய்ல 'என்'ங்கறது வேகமான வண்டிங்களுக்குன்னு தனி டிபார்ட்மெண்ட். கொரியாவுல அவங்க ஆராய்ச்சி சென்டர் இருக்கற நம்யாங், ஜெர்மனியில டெஸ்ட் பண்ற நர்பர்க்ரிங் டிராக், ரெண்டுக்கும் மொத எழுத்து ஒண்ணு, அதை வெச்சுதான் பேரு. பிஎம்டபிள்யூவோட எம் டிவிசன்ல இருந்த ஆல்பர்ட் பியர்மனை 2015-ல கூட்டிட்டு வந்து உக்கார வெச்சு, 2017-ல ஐ30 என் விட்டாங்க. அப்புறம் ஐரோப்பாவுக்கு ஐ20 என்னு ஒண்ணு, 1.6 லிட்டர் டர்போ, 204 பிஎஸ், கைக்கு அடக்கமான சைஸ்ல ஒரு ராக்கெட். அது இந்தியாவுக்கு வரவே இல்ல. நமக்கு 2021 செப்டம்பர்ல வந்தது என்-லைன், 998 சிசி மூணு சிலிண்டர் டர்போ, 120 பிஎஸ், 172 நியூட்டன் மீட்டர் டார்க் (அதான் இழுவை). அன்னைக்கு ஷோரூம்ல அதுக்குப் பக்கத்துல நின்ன சாதா ஐ20 டர்போலயும் அதே எஞ்சின், அதே நம்பர். அதனால உங்க மச்சினன் ஸ்டிக்கர்ங்கறாரு.

ஆனா லிப்ட்ல ஏத்தி அடியில நின்னு பாக்கறவன் நானு. ஸ்டிக்கர்னு மட்டும் சொல்ல முடியாது. சாதா ஐ20-ல பின்னாடி டிரம் பிரேக், என்-லைன்ல நாலு வீலுக்கும் டிஸ்க். சஸ்பென்சன் கொஞ்சம் இறுக்கமா வெச்சிருக்காங்க, ஸ்டியரிங் வெயிட் மாத்தியிருக்காங்க, சைலன்சர் வேற. பவர் ஏறல, ஓட்டற வாட்டம் கொஞ்சம் ஏறுச்சு, அவ்வளவுதான். இதை விட முக்கியமான ஒரு விசயம் 2023 செப்டம்பர்ல நடந்துச்சு, மச்சினன் அதை விட்டுட்டாரு. பேஸ்லிப்ட் (அதே மாடலை மெருகேத்தி விடறது) வந்தப்ப சாதா ஐ20-ல இருந்து டர்போ எஞ்சினையே எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் ஐ20-ல டர்போ வேணும்னா என்-லைன் மட்டும்தான். அந்த கிளட்ச் பெடல் இல்லாத மேனுவலை (ஐஎம்டின்னு சொல்வாங்க, எனக்கு அது புடிக்காது) தூக்கிட்டு ஒழுங்கான ஆறு கியர் மேனுவலும் அப்பதான் குடுத்தாங்க. அதாவது பேட்ஜ் வேணாம்னாலும் அந்த எஞ்சினுக்கு வாசல் அது ஒண்ணுதான்.

இந்த அசல் நகல் சண்டை ஹூண்டாயோட ஆரம்பிச்சது இல்லீங்க. பிஎம்டபிள்யூ எம் 1972-ல ரேஸ் டிபார்ட்மெண்டா ஆரம்பிச்சது, 1986-ல வந்த மொத எம்3-யே ரேஸ்ல கலந்துக்கறதுக்கு ரூல்படி ரோட்டுக்கும் வண்டி விக்கணுமேன்னு செஞ்சதுதான். இன்னைக்கு மூணு படி இருக்கு: எம்3 மாதிரி முழு எம், நடுவுல எம்340ஐ மாதிரி ஒரு ரகம், கீழ எம் ஸ்போர்ட்னு பம்பரும் வீலும் சீட்டும். அந்த எம்340ஐ நம்ம செங்கல்பட்டு பக்கம் மகிந்திரா வேர்ல்ட் சிட்டியிலயே அசெம்பிள் ஆச்சு, 2021-ல வந்தப்ப 387 எச்பி, 4.4 செகண்ட்ல நூறு. "அது அசல் எம் இல்ல"ன்னு மூக்கைச் சுளிக்கறவங்க இருக்காங்க. சுளிக்கறவங்கள்ல எத்தனை பேர் வீட்டு வாசல்ல அசல் எம் நிக்குதுன்னு கேக்காதீங்க, பாவம். மெர்சிடிஸ்ல ஏஎம்ஜியும் அப்படித்தான், ஒரு பக்கம் ஒரே ஆள் கையால கட்டி பேர் பொறிச்சு அனுப்பற எஞ்சின், இன்னொரு பக்கம் ஏஎம்ஜி லைன்னு வெறும் அலங்காரம். போன வருசம் எங்க ஒர்க்சாப்புக்கு ஒருத்தர் சாதா ஐ20 1.2 கொண்டு வந்து, அண்ணா இதுல 'என்' பேட்ஜும் ரெட்டை சைலன்சர் முனையும் வெக்கணும்னாரு. ஒரு குழாய்ல புகை வரும், இன்னொண்ணு சும்மா நிக்கும், பரவால்லையான்னு கேட்டேன். பரவால்லைனாரு. ஆட்டோ பின்னாடி 'என் லைன் தனி லைன்'னு எழுதறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு நெனச்சுட்டே மாட்டி விட்டேன்.

இன்னொண்ணு, இந்த பெர்பாமன்ஸா தினசரியாங்கற சண்டையே கொஞ்சம் அர்த்தம் இல்லாத சண்டை. 1976-ல வந்த ஃபோக்ஸ்வேகனோட மொத கோல்ஃப் ஜிடிஐ என்னன்னு நெனைக்கறீங்க? பொண்டாட்டி புள்ளைங்களோட கடைக்குப் போற டப்பா வண்டி, அதுல 110 பிஎஸ் எஞ்சின். எடை 800 கிலோ சொச்சம்தான். 5000 வண்டி வித்தா போதும்னு நெனச்சு செஞ்சாங்க, வித்தது லட்சக்கணக்குல. பின்சீட்டும் டிக்கியும் அப்படியே இருந்ததாலதான் ஓடுச்சு. அதே ஜிடிஐ பேட்ஜை நம்ம ஊருக்கு எப்படிக் கொண்டு வந்தாங்க பாருங்க, 2016-ல போலோ ஜிடிஐ, 1.8 லிட்டர் 192 பிஎஸ், ஆனா மூணு டோர், விலை எக்ஸ்-ஷோரூமே 26 லட்சத்துக்கு ஆயிரம் ரூபா கம்மி, மொத்தமே 99 வண்டி. மூணு டோர் வண்டியில உங்க அம்மாவைப் பின்சீட்டுக்கு அனுப்பறதை ஒரு நிமிசம் நெனச்சுப் பாருங்க. 2025-ல கோல்ஃப் ஜிடிஐ-யே வந்துச்சு, 265 பிஎஸ், அஞ்சு டோர், நல்ல வண்டி, விலை 53 லட்சம். டப்பா வண்டியா பொறந்தது இங்க வர்றப்ப தங்கமா ஆயிருது.

சல்லிசா குடுத்த பேட்ஜும் இருந்துச்சு, அதைச் சொல்லாம விட்டா எனக்குத் தூக்கம் வராது, ஏன்னா அது நம்ம கோயமுத்தூர் சமாச்சாரம். டாட்டாவும் நம்ம ஜெயெம் ஆட்டோமோட்டிவ்ஸும் கூட்டு சேந்து 2018-ல டியாகோ ஜேடிபி, டிகோர் ஜேடிபி விட்டாங்க. 1.2 டர்போ, 114 பிஎஸ், 150 நியூட்டன் மீட்டர், கியர் ரேசியோ சஸ்பென்சன் எல்லாம் கை வெச்சு மாத்தினது, நாலு டோர் டிக்கி எல்லாம் அப்படியே, டியாகோ ஜேடிபி எக்ஸ்-ஷோரூம் 6 லட்சத்து 39 ஆயிரம். ஆறரை லட்சத்துக்கு நெசமான வேலை. எத்தனை பேர் வாங்குனாங்க? 2020-ல கடையைச் சாத்திட்டாங்க. மாருதி 2017-ல பலேனோ ஆர்எஸ் விட்டாங்க, 102 பிஎஸ், அதுவும் 2020-ல காலி. அன்னைக்கு வாங்காதவங்கதான் இன்னைக்கு "ஜேடிபி மாதிரி வண்டி இனி வருமா"ன்னு எங்க ஒர்க்சாப் டீக்கடையில உக்காந்து பெருமூச்சு விடறாங்க, நானும் வாங்கல, அதனால நானும் கூட சேந்து விடறேன்.

சரி, அபார்த்துக்கு வர்றேன். கார்லோ அபார்த்ங்கறவர் ஆரம்பிச்ச கம்பெனி, வண்டி மூஞ்சியில தேள் இருக்குமே, அவர் வெள்ளக்காரக் கணக்குப்படி விருச்சிக ராசி, அதான் தேள். (நம்ம ஊர்ல ராசி பாத்து வண்டி எடுப்பாங்க, அவர் ராசியையே வண்டி மேல ஒட்டிட்டாரு.) 2015 அக்டோபர்ல அபார்த் புன்டோ வந்தப்ப 1.4 டர்போ, 145 பிஎஸ், நாலும் டிஸ்க், பத்து லட்சத்துக்குள்ள விலை, அந்த விலைக்கு அன்னைக்கு அதைத் தொட ஆள் இல்ல. ஸ்டியரிங் ஹைட்ராலிக், ரோட்டுல இருக்கற கல்லு மண்ணு எல்லாம் கைக்குச் சொல்லும். ஓட்டியிருக்கேன், இன்னும் மனசுல இருக்கு. மச்சினன் கல்யாணம் ஆகாத பையனா இருந்து, வீட்டுல இன்னொரு வண்டி இருந்தா, நானே கூட வந்து பாத்து எடுத்துக் குடுப்பேன்.

உங்களுக்கு வேணாம். கிரவுண்ட் கிளியரன்ஸ் 155 மில்லிமீட்டர், ஐ20-ல 170. பதினஞ்சு மில்லின்னா என்ன பெருசான்னு தோணும், அஞ்சு பேர் ஏறி உக்காந்தப்புறம் நம்ம ஊர் ஸ்பீட் பிரேக்கர்ல அது அடி தட்டுதா தட்டலையாங்கற வித்தியாசம். பின்சீட்டுல முட்டி வெக்கற எடம் கம்மி. இந்தியாவுல ஃபியட் கார் விக்கறதை நிறுத்தி பல வருசம் ஆச்சு. எஞ்சின் பார்ட்ஸ் எப்படியாச்சும் கெடச்சிரும், தலைவலி குடுக்கறது ஹெட்லைட், பம்பர், கதவு லாக், கிளாஸ் இந்த மாதிரி சின்னச் சின்ன சாமான். எங்ககிட்ட ஒரு பழைய வண்டி, கம்பெனி பேர் வேணாம், ஒரு பின் லைட்டுக்காக 47 நாள் நின்னுச்சுங்க. ஓனர் வாரம் வாரம் வந்து கவரை நீக்கிப் பாத்துட்டு, ஒரு டீ குடிச்சுட்டு, பஸ் ஏறிப் போயிருவாரு. அவருக்கு அது ரெண்டாவது வண்டி. உங்களுக்கு இருக்கப்போறதே ஒரு வண்டி, வியாழக்கிழமை பிசியோதெரபின்னா வியாழக்கிழமை ஸ்டார்ட் ஆகணும்.

ரீமேப்பையும் இங்கயே முடிச்சிடறேன். இசியு-ல, அதான் எஞ்சினோட கம்ப்யூட்டர்ல, கை வெச்சா டர்போ வண்டியில பவர் சட்டுன்னு ஏறும், நெசம். கிளட்ச்சு, கியர்பாக்ஸ், டர்போ, பிரேக் எல்லாம் பழைய கணக்குலயே இருக்கும், அதுவும் நெசம். புது வண்டியில பண்ணா வாரண்டி போயிரும், இன்சூரன்ஸ்காரங்ககிட்ட சொல்லாம பண்ணா கிளைம் அப்ப அவங்க பேசற பேச்சு வேற மாதிரி இருக்கும். வேணாம்.

இப்ப உங்க வீட்டுக் கணக்கு. பேட்ஜைக் கழட்டி வெச்சுட்டு அந்த எஞ்சினை மட்டும் பாருங்க. 1.2 சாதா எஞ்சின் 83 பிஎஸ், டார்க் 115, அதுவும் 4200 ஆர்பிஎம்ல. டர்போவுக்கு 172, அது 1500-லயே வந்துரும், 4000 வரைக்கும் அப்படியே நிக்கும். பவர்னதும் எல்லாரும் அவினாசி ரோட்டுல 140 போறதைத்தான் நெனைக்கறாங்க. நான் நெனைக்கறது ஆழியார்ல இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி. நீங்க, சம்சாரம், அம்மா, அப்பா, மடியில ஒண்ணு சீட்ல ஒண்ணு, டிக்கி நெறைய பை, ஏசி போட்டாச்சு. 1.2-ல ஒவ்வொரு வளைவுலயும் ரெண்டுல போட்டு எஞ்சின் கத்த கத்த ஏறணும், நடுவுல முன்னாடி ஒரு பஸ் நின்னா ஒண்ணாங் கியர், கிளட்ச் வாசம். டர்போவுல ரெண்டுல போட்டா பேசாம ஏறும். ஊட்டிக்குப் போனா இன்னொரு கூத்து, அது 2240 மீட்டர் உசரம், நம்ம சமவெளியை விட அங்க காத்து அஞ்சுல ஒரு பங்கு லேசு, சாதா எஞ்சினுக்கு அந்த அளவு மூச்சு கம்மி ஆயிரும். டர்போ காத்தை அமுக்கி உள்ள தள்றதால அந்த இழப்பு பெருசா தெரியாது. அதனால அப்பாகிட்ட "டர்போ எடுக்கறது வேகத்துக்கு இல்லப்பா, மலைக்கு"ன்னு சொல்லுங்க, அது பொய்யும் இல்ல.

மைலேஜ் கேப்பாரு. திருப்பூர் டவுன்ல, அதுவும் புஷ்பா தியேட்டர் ஸ்டாப்பிங் பக்கம் தினம் போய் வந்தா, டர்போவுல 12 வந்தா சந்தோசப்படுங்க, 1.2-ல 15 வரும். மாசம் ஆயிரம் கிலோமீட்டர்னா 83 லிட்டருக்கு 67 லிட்டர். பதினாறு பதினேழு லிட்டர் வித்தியாசம், லிட்டர் 101 ரூபான்னு வெச்சா மாசம் 1700 ரூபா கிட்ட, வருசத்துக்கு 20 ஆயிரம். இதை மறைக்க வேணாம், மலை ஏத்தத்துக்கு நாம குடுக்கற விலை அது, உங்க யூனிட் கணக்குல தாங்கும்னா சரி. பெட்ரோல்ல இப்ப 20 சதம் எத்தனால், எத்தனால்ல லிட்டருக்கு லிட்டர் சக்தியே மூணுல ஒரு பங்கு கம்மி, அதனால கம்பெனி பேப்பர்ல இருக்கற நம்பரைப் பாத்து ஏமாறாதீங்க, எந்த வண்டியா இருந்தாலும்.

அடுத்தது ஒரு கோடு இருக்கு, இதை ஷோரூம்ல யாரும் தானா சொல்ல மாட்டாங்க. நம்ம தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல ரோடு டேக்ஸ் மாத்தினாங்க, அஞ்சுல இருந்து பத்து லட்சம் வரைக்கும் 13 சதம், பத்துக்கு மேல இருபது வரைக்கும் 18 சதம். 9 லட்சத்து 90 ஆயிரம் வண்டிக்கு 1,28,700. வெறும் இருபதாயிரம் கூட, 10 லட்சத்து 10 ஆயிரம்னா 1,81,800. இருபதாயிரம் ரூபா சன்ரூப்புக்கு ஆசைப்பட்டு அம்பத்தி மூணாயிரம் வரி கட்டற கதை. பத்தைத் தாண்டுனா ஒரு சதம் டிசிஎஸ்ஸும் (முன்கூட்டியே புடிக்கற வருமான வரி) புடிப்பாங்க, அது ரிட்டர்ன்ல திரும்ப வந்துரும், ரோடு டேக்ஸ் வராது. என்-லைன்ல கீழ வேரியண்ட் மேல வேரியண்ட்னு கொட்டேசன் ரெண்டும் வாங்குங்க, பத்து லட்சக் கோட்டுக்கு எந்தப் பக்கம் எது நிக்குதுன்னு பாருங்க. அந்த எஞ்சின், அந்த நாலு டிஸ்க், அந்த சைலன்சர் சத்தம் எல்லாம் கீழ வேரியண்ட்லயே இருக்கு. மேல போனா கூடுதலா வர்றது ஸ்பீக்கர், ஸ்கிரீன் மாதிரி வசதிங்கதான். நாலு மீட்டருக்குள்ள 1200 சிசிக்குள்ள இருக்கறதால 2025 செப்டம்பர் 22-ல இருந்து ஜிஎஸ்டியும் 18 சதம்தான், அது நல்ல காலம். இன்சூரன்ஸ்லயும் ஒரு வேடிக்கை, தேர்ட் பார்ட்டி பிரீமியம் சிசி பாத்துதான் போடறாங்க, 1000 சிசிக்குள்ள வருசத்துக்கு 2094, அதுக்கு மேல 1500 வரைக்கும் 3416. உங்க 998 சிசி டர்போ, சாதா 1.2 வண்டியை விடக் கம்மி ஸ்லாபுல வந்துருது. அம்பதாயிரம் தண்டம் எங்க போகுதுன்னு தெரியாம ஆயிரத்து முந்நூறு மிச்சம் ஆச்சுன்னு சிரிக்க வேண்டியதுதான்.

மேனுவலா ஆட்டோமேட்டிக்கா. ஐ20 என்-லைன்ல வர்ற ஆட்டோமேட்டிக் ஏழு ஸ்பீடு டிசிடி, உள்ள ரெண்டு கிளட்ச், ஆயில்ல ஊறாத உலர் கிளட்ச். ஓடற ரோட்டுல அருமையா இருக்கும், ஊர்ந்து ஊர்ந்து போற டிராபிக்ல அந்த கிளட்ச் பாதி ஒட்டியும் ஒட்டாமயும் தேஞ்சுட்டே இருக்கும், சூடு ஏறும். முன்னாடி வண்டிக்கு எடம் விட்டு, நிறுத்தி, மொத்தமா நகத்தி ஓட்டுறவங்களுக்கு பிரச்சனை வராது, இன்ச் இன்ச்சா நகத்துறவங்களுக்கு வரும். மேட்டுல பிரேக் போடாம ஆக்சிலேட்டர்லயே வண்டியைப் புடிச்சு நிறுத்தற பழக்கம் இருந்தா டிசிடி பக்கமே போகாதீங்க. இதுக்குப் பதில் நான் சொல்ல முடியாது, ஸ்கூல் டிராபிக்ல தினம் ரெண்டு வேளை ஓட்டப்போறவங்க சொல்லணும். அதான் மொதல்லயே வீட்டுக்காரம்மாவைக் கேட்டேன். ஆல்டோவுல கிளட்ச் அமுக்கி கால் வலிக்குதுன்னு எப்பவாச்சும் சொல்லியிருக்காங்களா, நீங்க காதுல வாங்குனீங்களா?

இப்ப அம்மாவோட முட்டி. உங்க லெட்டர்லயே எனக்கு பெருசாப் பட்ட விசயம் அதுதானுங்க, நீங்க நடுவுல ஒரு வரியில தள்ளிட்டுப் போயிட்டீங்க. முட்டி வலிக்காரங்களுக்கு வண்டிக்குள்ள எடம் எவ்வளவுங்கறது ரெண்டாவது. சீட் எந்த உசரத்துல இருக்குங்கறதுதான் மொதல். சீட் இடுப்புக்குக் கீழ இருந்தா முட்டியை மடக்கி எறங்கணும், எந்திரிக்கறப்ப மொத்த ஒடம்பும் முட்டி மேல ஏறும். இடுப்பு உசரத்துல இருந்தா சும்மா பின்னாடி நகந்து உக்காந்து காலை உள்ள திருப்பிக்கலாம். ஐ20 தாழ்வான ஹேட்ச், என்-லைன் சஸ்பென்சன் இறுக்கம் வேற, கூடவே 16 இன்ச் வீலு, 55 சீரிஸ்னு பக்கச் சுவர் உசரம் கம்மியான டயர், பல்லடம் ரோட்டுல ஒரு ஒட்டு விடாம இடுப்புக்குச் சொல்லும். முன்சீட்டுல நமக்கு அது ஸ்போர்ட்டியா இருக்கும், பின்சீட்டுல அறுபது வயசுக்காரங்களுக்கு அது வேற பேரு.

நான் பட்டதைச் சொல்றேன். இருபது வருசம் முந்தி, ஒர்க்சாப் நல்லா ஓட ஆரம்பிச்ச புதுசுல, ஒரு பேட்ஜ் வண்டி எடுத்தேன், சின்ன ஹேட்ச், பெரிய எஞ்சின், கம்பெனி பேரு எதுக்கு இப்ப. செட்டிபாளையத்துல ரேஸ் பாக்கப் போய் போய் ஏறுன கிறுக்கு. எங்க அப்பா ரெண்டு தடவைதான் அதுல ஏறுனாரு. மூணாவது தடவை பொள்ளாச்சியில ஒரு கல்யாணம், வண்டியைக் கழுவி வாசல்ல நிறுத்திட்டுப் பாத்தா ஆளைக் காணோம். "நான் பஸ்ல போய்க்கறேன்டா, நீ பின்னால வா"ன்னு அம்மாகிட்ட சொல்லிட்டுக் கிளம்பியிருக்காரு. மண்டபத்துல பந்தியில பக்கத்துல உக்காந்து சாப்பிட்டோம், அதைப் பத்தி அவரும் பேசல, நானும் கேக்கல. ஆறு மாசத்துல வண்டியை வித்துட்டேன்.

அதனால உங்களுக்கு ஒரு மூணாவது வழி, உங்க மச்சினனும் சொல்லல அப்பாவும் சொல்லல. அதே 1.0 டர்போ எஞ்சின், அதே 120 பிஎஸ் 172 நியூட்டன் மீட்டர், ஹூண்டாயோட சின்ன எஸ்யூவி வென்யூல பேட்ஜ் இல்லாம சாதா வேரியண்ட்லயும் வருது. சீட் உசரம், அப்பா கேட்ட உசரமான வண்டியும் ஆச்சு, வால்பாறைக்கு வேணுங்கற இழுவையும் ஆச்சு. வளைவுல ஐ20 என்-லைன் அளவுக்கு ஒட்டிட்டுப் போகாது, கொஞ்சம் சாயும், மறைக்கல. மாருதி பக்கம் பாக்கணும்னா ஃபிராங்ஸ்ல 1.0 பூஸ்டர்ஜெட் இருக்கு, 100 பிஎஸ், அதுல ஆட்டோமேட்டிக் வந்து சாதாரண டார்க் கன்வெர்ட்டர் (உலர் கிளட்ச்சுக்குப் பதில் ஆயில் வழியா சக்தி கடத்தற ரகம்) ஆறு ஸ்பீடு, ஊர்ந்து போற டிராபிக்குக்கு அது டிசிடியை விட நிம்மதி. வீட்டுக்காரம்மா ஆட்டோமேட்டிக்தான்னு சொன்னா அதையும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்காம முடிவு பண்ணாதீங்க.

என் ஓட்டு எதுக்குன்னு கேட்டா, நீங்க எழுதுன குடும்பத்துக்கு வென்யூ டர்போ மேனுவல். ஆனா என் ஓட்டு செல்லாது, உங்க அம்மா ஓட்டுதான் செல்லும், அதுவும் ஒரே ஒரு விசயத்துல. ஷோரூம்ல டெஸ்ட் டிரைவ் ஞாயித்துக்கிழமை காலையில வேணாம், ரோடே காலியா இருக்கும், எல்லா வண்டியும் நல்லாத்தான் தெரியும். செவ்வாய் புதன்ல சாயந்திரம் ஆறு மணிக்குக் கேளுங்க. அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க. மொதல்ல ஐ20 என்-லைன், பின் கதவைத் தொறந்து விட்டுட்டு நீங்க கை குடுக்காதீங்க, அவங்களா ஏறட்டும், பத்து நிமிசம் மோசமான ரோட்டுல ஓட்டுங்க, அவங்களா எறங்கட்டும். கதவு மேல கை வெச்சு ஒரு தடவை மூச்சு வாங்கிட்டு எந்திரிக்கறாங்களான்னு மட்டும் பாருங்க. "நல்லா இருக்குதா"ன்னு கேக்காதீங்க, புள்ளை ஆசைப்படறான்னு தெரிஞ்சா எல்லா அம்மாவும் நல்லா இருக்குன்னுதான் சொல்வாங்க. அப்புறம் சின்னவளோட சைல்ட் சீட்டை எடுத்துட்டுப் போய் பின்சீட்டுல அதுக்குன்னே இருக்கற ஐசோபிக்ஸ் கொக்கியில மாட்டிப் பாருங்க, அதை மாட்டுனப்புறம் அம்மா பக்கத்துல உக்கார எடம் எவ்வளவு மிச்சம்னு பாருங்க. ஐ20 டிக்கி 311 லிட்டர், தள்ளுவண்டி மடிச்சு வெச்சா பை எங்க வெக்கறதுன்னும் அங்கயே தெரிஞ்சுரும்.

அம்மா சிரமம் இல்லாம எறங்கி நின்னாங்கன்னா, தயங்காம என்-லைன் எடுங்க, கீழ வேரியண்ட், மேனுவல், பத்து லட்சத்துக்குள்ள. மச்சினன் ஸ்டிக்கர்னு சொன்னா பின் வீல் டிஸ்க்கைக் காட்டுங்க. எடுத்தீங்கன்னா மொத ஆயிரம் கிலோமீட்டர் வெரட்டாதீங்க, ஆயில் கம்பெனி சொன்ன கிரேடுல புல் சிந்தெட்டிக் மட்டும், மலை ஏறி முடிச்சதும் பட்டுன்னு ஆஃப் பண்ணாம ஒரு அரை நிமிசம் ஓட விட்டு நிறுத்துங்க, டர்போவுக்கு நல்லது.

ஆல்டோவை எக்ஸ்சேஞ்ச்ல தள்றதுக்கு முன்னாடி வெளியில ரெண்டு எடத்துல விலை கேட்டுக்குங்க. ஆறு மணி டெஸ்ட் டிரைவ் முடிஞ்சதும் வீட்டுக்காரம்மா என்ன சொன்னாங்கன்னு எழுதுங்க, சைலன்சர் சத்தத்தைப் பத்தி எழுத வேணாம்.